கல்லூரி மாணவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு அவசியமா? வேலைக்கும் அறிமுகத்துக்கும் அது உண்மையில் உதவுகிறதா?

திருவையாறு விவசாயி

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். இந்தப் பருவத்தில் வகுப்பில் உள்ள எல்லாரும் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் கணக்கு தொடங்க வேண்டும், வாரம் ஒரு பதிவாவது போட வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமிலும் இருந்தால்தான் மற்ற கல்லூரிகளில் நடக்கும் போட்டிகள் தெரியவரும் என்று மகள் சொல்கிறாள்.

எங்கள் தெருவில் வேலைக்குப் போன பிள்ளைகளில் பாதிப் பேர் தேர்வு எழுதிப் போனவர்கள். மீதிப் பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாமா, சித்தப்பா கைகாட்டிப் போனவர்கள். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. மைத்துனர் ஒருவர் கண்டியூரில் உரக்கடை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதனால் மகள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. பெண் பிள்ளையின் பெயரையும் படத்தையும் முன்பின் தெரியாதவர்கள் பார்க்கும்படி வைக்க அவள் அம்மாவுக்கும் எனக்கும் மனம் ஒப்பவில்லை.

இது இல்லாமல் படித்து வேலைக்குப் போக முடியாதா? இருந்தால் என்னதான் கிடைக்கும்? உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

பொன்மலை ஓய்வூதியர்

தாராளமாக முடியும். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1920-களில் பொன்மலைக்கு வந்தபோது கூடவே வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறை அங்கே வேலை பார்த்தோம். யாருக்கும் யாருடைய முகமும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அறிவிப்பு வரும், விண்ணப்பிப்போம், தேர்வு எழுதுவோம்.

இன்றைக்கும் அந்த வழிகள் மூடப்படவில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கும் பட்டயம் பெற்றவர்களுக்கும் உதவித்தொகையுடன் பயிற்சி கிடைக்கிறது. தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். திருச்சி பெல் நிறுவனம் பயிற்சியாளர்களை எடுக்கிறது. படிப்பு முடிந்ததும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். அந்த அலுவலகத்திலேயே தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறது, அரசுத் தேர்வுகளுக்குக் கட்டணம் இல்லாமல் சொல்லித்தருகிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்பு அதன் இணையதளத்திலும் நாளிதழிலும் வருகிறது. இவற்றில் எதற்கு உங்கள் மகள் வாரம் ஒரு பதிவு போட வேண்டும்? அந்த நேரத்தில் ஒரு பாடத்தைத் திருப்பிப் படிக்கலாம்.

மன்னார்குடி தேர்வர்

ஐயா சொல்வதை வழிமொழிகிறேன். தேர்வாணையத்தின் தொகுதி (குரூப்) தேர்வுகளுக்குப் படிக்கிறவன் நான். கைபேசியிலிருந்து எல்லாச் செயலிகளையும் நீக்கிய பிறகுதான் என்னால் உட்கார்ந்து படிக்க முடிகிறது. டெலிகிராம் குழுக்களில் பழைய அறிவிப்பைத் தேதி மாற்றிச் சுற்றுக்கு விடுகிறார்கள், இல்லாத தேர்வுக்குப் பாடத்திட்டம் விற்கிறார்கள். அரசு வேலைதான் இலக்கு என்றால் தேர்வாணையத்தின் இணையதளம் ஒன்று போதும்.

நீடாமங்கலம் நிரலாளர்

மேலே உள்ள இருவரும் சொன்னவை சரியான வழிகள். ஆனால் அவை அரசும் பொதுத்துறையும் திறந்து வைத்திருக்கும் வழிகள். மின்னணுவியல் படிக்கும் ஒரு பெண் போகக்கூடிய வேலைகளில் பெரும்பகுதி தனியாரிடம் இருக்கிறது. அங்கே பல இடங்கள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே, உள்ளே இருப்பவர் சொன்ன ஆளைக் கொண்டு நிரம்பிவிடுகின்றன. நான் இப்போது பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் குழுவிலும் இருக்கிறேன். இதை நேரில் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் அம்மா நடவுக்கும் களைக்கும் போனவர், அப்பா அறுப்புக்குப் போனவர். நான் படித்த கல்லூரிக்கு என் பிரிவுக்கு ஆள் எடுக்க யாரும் வரவில்லை. கூடப் படித்தவர்களில் சிலருக்கு வேலை அமைந்தது. விசாரித்தால் அவர்களுக்குப் பெரியப்பா மகனோ அக்கா வீட்டுக்காரரோ சென்னையில் இருந்தார். என் சொந்தக்காரர்கள் எல்லாரும் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருந்தார்கள். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர்தான் லிங்க்ட்இனில் எங்கள் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து, அங்கே படித்து முடித்தவர்களின் பட்டியலை ஊர் வாரியாக, நிறுவனம் வாரியாகப் பார்க்கலாம் என்று காட்டினார். அதில் எங்கள் கல்லூரியில் எனக்குப் பல ஆண்டுகள் முன் படித்த ஓர் அக்கா பெங்களூரில் இருந்தார். முன்பின் பார்த்ததில்லை. எழுதினேன். அவர் வேலை வாங்கித் தரவில்லை. எந்தப் பாடத்தை விட்டுவிடலாம், எதை ஆழமாகப் படிக்க வேண்டும், அவருடைய நிறுவனம் எந்த மாதத்தில் தேர்வு வைக்கும் என்று சொன்னார். என் வீட்டில், என் தெருவில், என் கல்லூரியில் இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

இது என் ஒருவனுடைய கதை மட்டும் அல்ல. மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் அறிமுகத்தின் வழியாக வேலை பெற்றவர்களிடம், உங்களுக்குச் செய்தி சொன்னவரை அந்நாளில் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6, அரிதாகப் பார்ப்பவர் என்றவர்கள் 27.8. காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்த செய்தியே. புதிய செய்தி தூரத்து அறிமுகத்திடமிருந்துதான் வரும்.

ஐயாவின் வீட்டில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாகப் பொன்மலையில் வேலை. அறிவிப்பு எப்போது வரும், தேர்வில் என்ன கேட்பார்கள், எந்தப் பிரிவு நல்லது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும். அதற்குப் பெயரும் அறிமுகம்தான். அது பிறப்பிலேயே கிடைக்காதவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு தேவை என்கிறேன்.

கூத்தாநல்லூர் வாசகர்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, மன்னார்குடி வட்டாரத்தில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெரு குறைவு. முன்பெல்லாம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே நிலைத்துவிட்டு அடுத்தவரை அழைத்துக்கொள்வார். ஏமாற்றினால் ஊரில் தலை காட்ட முடியாது. இப்போது முகநூலிலும் டெலிகிராமிலும் முகம் தெரியாதவன் அழைக்கிறான்.

2022-இல் நடந்தது நினைவிருக்கும். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சமூக ஊடக விளம்பரத்தில் வந்தது. நம்பிப் போன பட்டதாரிகளை எல்லை தாண்டி மியான்மருக்குள் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய் அடைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், மீட்டுக் கொண்டுவந்தார்கள். வெளியுறவு அமைச்சகம் அந்த ஆண்டு செப்டம்பரில் கொடுத்த எச்சரிக்கையில், கணினி தெரிந்த இளைஞர்களைத்தான் குறிவைக்கிறார்கள் என்று தெளிவாகச் சொன்னது. ஆக, படித்த பிள்ளை ஏமாறாது என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும் அந்த முகவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டும்தான் வாங்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள். உள்ளூர் வேலைக்கும் இதுதான். பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்வைப்பு, சான்றிதழ் சரிபார்ப்புச் செலவு என்று வேலை கொடுக்கிறவன் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்திவைப்பது கடினமாகும்.

மட்டுறுத்துநர்

இதற்கு இடையில் ஒருவர் "வீட்டிலிருந்தே வேலை" என்று கைபேசி எண்ணுடன் பதிவிட்டிருந்தார். நீக்கப்பட்டது. விவாதம் தொடரட்டும்.

மயிலாடுதுறை பேராசிரியை

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். காலையில் கறவை முடித்துவிட்டு, பஸ் பிடித்து வருகிற பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

முதலில் கல்லூரிகளைப் பற்றி. வாரம் ஒரு பதிவுக்கு மதிப்பெண் என்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அப்படிக் கட்டாயப்படுத்தினால் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அரை நாள் பயிலரங்கில் உட்கார்ந்து வாங்கிய சான்றிதழைப் படம் எடுத்து, யாரோ எழுதிய ஆங்கில வரிகளை அப்படியே ஒட்டி, ஒருவருக்கொருவர் விருப்பக் குறி போட்டுக்கொள்கிறார்கள். ஆள் எடுக்கிறவர்கள் அதைப் படிப்பதில்லை. மாணவிக்கோ, தான் ஏதோ செய்துவிட்டதாக ஒரு நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவுதான் ஆபத்து. அதே நேரத்தில் ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றை எடுத்து, வாரப் பயிற்சிகளை முடித்து, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதினால், இறுதி மதிப்பெண்ணில் நான்கில் மூன்று பங்கு மையத்தில் எழுதும் அந்தத் தேர்விலிருந்து வருகிறது. அப்படிப்பட்ட சான்றிதழுக்கு ஒரு மரியாதை உண்டு. இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியது வேலைவாய்ப்புப் பிரிவின் கடமை. முன்னாள் மாணவர் பட்டியலைத் தொகுத்து, அவர்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது வகுப்புக்கு அழைத்துப் பேசவைப்பதும் அதன் கடமைதான். அதைச் செய்யாமல், கணக்கு தொடங்கிக்கொள் என்று பிள்ளைகளிடம் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீடாமங்கலம் தம்பிக்கு ஒன்று. நீங்கள் சொன்ன கிரானவெட்டரின் கருத்தை லிங்க்ட்இன் தளத்திலேயே சோதித்துப் பார்த்த ஆய்வு 2022-இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஐந்து ஆண்டுகளில் சுமார் 2 கோடிப் பேர் பற்றிய தரவு. மிக நெருங்கியவர்களைக் காட்டிலும் ஓரளவு தூரத்து அறிமுகங்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவின என்பது உண்மை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. கணினி சார்ந்த தொழில்களில்தான் அது அப்படி. கணினி அதிகம் நுழையாத தொழில்களில் நெருங்கிய உறவுகளே கூடுதலாக உதவின. ஆகவே பொன்மலை ஐயாவுக்கும் உங்களுக்கும் இருக்கும் வேறுபாட்டில் பாதி, நீங்கள் இருவரும் வேறு வேறு தொழிலைப் பற்றிப் பேசுவதால் வருவது.

இப்போது பெண் பிள்ளையின் படம். இந்த அச்சத்தைச் சிறிதாக நினைக்காதீர்கள். படத்தை எடுத்துத் திரித்து மிரட்டிய செய்தி கேட்டு, படிப்பையே நிறுத்த நினைத்த பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். லிங்க்ட்இனில் படம் கட்டாயம் இல்லை. பிறந்த தேதி, கைபேசி எண், ஊர்ப் பெயர் எதுவும் போட வேண்டாம், மாவட்டம் போதும். வேலைக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளட்டும். யாருடன் இணைந்திருக்கிறோம் என்பது பிறருக்குத் தெரியாதபடி அமைப்பில் மாற்றலாம். தன் துறை, தன் கல்லூரி, தன் ஆர்வம் இவற்றோடு தொடர்பில்லாத ஒருவர் அழைப்பு அனுப்பினால் ஏற்கக் கூடாது. வேலைப் பேச்சைத் தொடங்கிவிட்டு, வாட்ஸ்அப்புக்கு வா என்று ஒருவர் அழைத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதாவது தவறாக நடந்தால் அப்பாவிடம் சொல்லலாம், கைபேசியைப் பிடுங்க மாட்டார் என்ற உறுதி பிள்ளைக்கு இருக்க வேண்டும். மிரட்டுகிறவன் நம்புவது அந்தப் பயத்தைத்தான். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதையும் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராம் இரண்டாம் ஆண்டு மாணவிக்கு வேலைக்காக வேண்டியதில்லை என்பது என் கருத்து. போட்டி அறிவிப்புகள் வேண்டுமென்றால் துறை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பகிர்ந்தால் போதும்.

பொன்மலை ஓய்வூதியர்

அம்மா சொன்னதை ஏற்கிறேன். தம்பி என் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதிலும் உண்மை உண்டு, மறுக்கவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். கும்பகோணத்துப் பிள்ளை இராமானுஜன் எந்தக் கணக்கு வைத்திருந்தார்? 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் இருந்தது கணக்கு, தேற்றம் தேற்றமாக. அவரை அழைத்துப்போனது அந்தக் கணக்கு. திறமை இருந்தால் உலகம் தேடி வரும் என்று நம்புகிறவன் நான்.

நீடாமங்கலம் நிரலாளர்

ஐயா, அந்தக் கதையை முழுதாகப் பார்த்தால் அது என் பக்கம் பேசுகிறது. ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இருவருக்கும் எழுதிப் பார்த்தார், பயன் இல்லை. அதற்கும் முன்னால், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூருக்குத் தேடிப் போய்க் குறிப்பேட்டைக் காட்டினார். அங்கிருந்து கணிதப் பேராசிரியர் சேஷு ஐயர், அவரிடமிருந்து நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் என்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனார். 1911-இல் கணிதக் கழகத்தின் இதழில் கேள்விகளையும் கட்டுரையையும் வெளியிட்டார். அதாவது, செய்த வேலையைப் பலர் பார்க்கும் இடத்தில் வைத்தார், முகம் தெரியாதவர்களுக்கு எழுதினார், அறிமுகத்தின் மேல் அறிமுகம் தேடினார். உலகம் தேடி வரவில்லை, அவர்தான் தேடிப் போனார். இராமானுஜனுக்கே அவ்வளவு அலைச்சல் என்றால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சங்கிலியில் இருந்த எல்லாரும் கல்லூரியிலும் அரசுப் பதவியிலும் இருந்தவர்கள். 1910-இல் என் கொள்ளுத்தாத்தா அந்த வீடுகளில் எந்த வாசலில் நின்றிருப்பார்? இன்று ஒரு கூலித் தொழிலாளியின் மகள் எந்த நிறுவனத்தின் பொறியாளருக்கும் நேராக எழுதலாம், அவர் பதில் சொல்லாமல் போகலாம், ஆனால் வாசலில் நிறுத்தி யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பவர் இடையில் இல்லை. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் தளங்கள் நம் நேரத்தை விழுங்குகின்றன, நம் தகவலை வைத்துப் பணம் பண்ணுகின்றன, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். 2016-இல் மைக்ரோசாஃப்ட் 26 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து லிங்க்ட்இனை வாங்கியது தர்மத்துக்காக அல்ல. இருந்தாலும் அந்த வாசலை மூடச் சொல்கிறவர்கள், அதற்குப் பதிலாக எங்களுக்கு எதைத் திறந்துவிடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

மன்னார்குடி தேர்வர்

அண்ணா, இந்தக் கடைசிப் பத்தியைப் பலமுறை படித்தேன். என் வழி எனக்குச் சரி, மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் தங்கை ஒருத்தி இருக்கிறாள், பி.காம். படிக்கிறாள். அவளுக்கு இதைக் காட்டப் போகிறேன்.

கும்பகோணம் சிற்பக்கலை மாணவர்

எல்லாரும் கணினி வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கிறேன். வீடு சுவாமிமலை. பெரியப்பா ஸ்தபதி, மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண் பூசி, உருக்கி வார்க்கிற வேலை.

எங்களுக்கு லிங்க்ட்இனில் யாரும் இல்லை. இன்ஸ்டாகிராமில்தான் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் கலைப் படிப்பு படிக்கிறவனுக்கு அவன் செய்த வேலையின் படங்கள்தான் தகுதிச் சான்று. மெழுகுப் பருவம், மண் பூச்சு, வார்ப்பு, அரம் போடுவது என்று படிப்படியாகப் போடுகிறேன். வெளிமாநிலத்திலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் அதைப் பார்த்து எழுதினார். அவருக்குச் செய்து கொடுத்தது சாமி சிலை அல்ல, கதவுக் கைப்பிடி. பெரியப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது பட்டறையில் இரண்டு பேருக்கு அந்த வேலையால் கூலி கிடைக்கிறது. இடைத்தரகர் இல்லாமல் விலை பேச முடிந்தது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் போடுவதில்லை. கண் திறக்காத சிலையைப் படம் எடுக்கக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை, அதை மீறமாட்டேன். புதிதாக வரைந்த உருவங்களையும் போடுவதில்லை, உடனே நகல் எடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது சிலை கேட்டு எழுதினால், அது பழம்பொருள் அல்ல என்ற சான்று வாங்கித்தான் அனுப்புவோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிலைத் திருட்டு வழக்குகள் நம் பக்கத்தில் எத்தனை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அம்மா இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்றதை எல்லாத் துறைக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மயிலாடுதுறை பேராசிரியை

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டிய தொழில்களுக்கு அது பொருந்தும். திருபுவனம் பட்டு, நாச்சியார்கோவில் விளக்கு, தஞ்சாவூர் ஓவியம் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் நீங்கள் சொன்னது பயன்படும்.

திருவையாறு விவசாயி

அப்பாவின் கணக்கிலிருந்து மகள் எழுதுகிறேன். அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார்.

எல்லாரும் என்னைப் பற்றிப் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். வாரம் ஒரு பதிவு எனக்கும் பிடிக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் எதை எழுதுவது? ஆனால் செய்துகொண்டிருப்பது ஒன்று இருக்கிறது. எங்கள் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்குத் தண்ணீர் கட்டுகிறோம். அதற்கு ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். அப்பா காலையும் மாலையும் வரப்பில் நடந்து போய்க் குச்சி விட்டுப் பார்க்கிறார். குழாய்க்குள்ளேயே உணர்கருவி வைத்து, மட்டம் இறங்கியதும் கைபேசிக்குச் செய்தி வரும்படி செய்து பார்க்கிறேன். வீட்டு வாளியில் ஒழுங்காக அளக்கிறது. வயலில் வைத்தால் சேறு படிந்து தவறாகக் காட்டுகிறது. கல்லூரியில் கேட்டேன், வயலில் வைத்துப் பார்த்தவர் அங்கே யாரும் இல்லை.

எனக்கு வேலை கேட்டு எழுத இப்போது ஒன்றும் இல்லை. இந்தச் சேற்றுக்கு வழி தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். எங்கள் கல்லூரியில் படித்துவிட்டு உணர்கருவி செய்யும் நிறுவனத்தில் இருக்கும் ஓர் அக்காவின் பெயரை நீடாமங்கலம் அண்ணன் சொன்ன முன்னாள் மாணவர் பட்டியலில் தோழியின் கணக்கு வழியாகப் பார்த்தேன். அவருக்கு எழுத நினைத்திருப்பது இது:

"வணக்கம் அக்கா. நான் உங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மின்னணுவியல் படிக்கிறேன். உங்கள் சாதனைகளைப் பார்த்து மிகவும் பெருமைப்படுகிறேன். எனக்கு உங்கள் வழிகாட்டுதல் வேண்டும். ஏதேனும் பயிற்சி வாய்ப்பு இருந்தாலும் தெரிவிக்கவும்."

இது சரியா?

நீடாமங்கலம் நிரலாளர்

தங்கச்சி, இங்கே எங்களுக்கு எழுதியதில் பாதியைக்கூட அவருக்கு எழுதவில்லையே. அந்தச் சேற்றை அவருக்கு எழுதுங்கள். வழிகாட்டுதல் வேண்டும் என்று எனக்கும் பலர் எழுதுகிறார்கள். எதற்கு என்று தெரியாததால் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் அக்கா. நீங்கள் படித்த துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நெல் வயலில் குழாய்க்குள் தண்ணீர் மட்டம் அளக்க ஒரு கருவி செய்திருக்கிறேன். தெளிந்த நீரில் சரியாக அளக்கிறது, சேற்று நீரில் தவறாகக் காட்டுகிறது. அளவுகளையும் மின்சுற்றின் வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன். சேறு படியாமல் இருக்க உணர்கருவியை மாற்ற வேண்டுமா, வைக்கும் முறையை மாற்ற வேண்டுமா? நேரம் கிடைக்கும்போது ஒரு வரி எழுதினால் போதும்."

பயிற்சி வாய்ப்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம். கருவியின் நிரலையும் அளவுகளையும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்துவிட்டு அந்த இணைப்பைக் கொடுங்கள். படம் போடாத லிங்க்ட்இன் கணக்கும் அந்த இணைப்பும் இப்போதைக்குப் போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பட்டியலில் அடுத்த ஆளுக்கு எழுதுங்கள்.

மயிலாடுதுறை பேராசிரியை

மகளே, ஒரே இடத்தில் கேட்டுவிட்டு நிற்காதே. ஆடுதுறையில் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உன் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நேரில் போ. இந்தியாவின் அறிவியல் அகாதெமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஓர் ஆசிரியரின் பரிந்துரையும் நீ செய்ய நினைப்பதைப் பற்றிய குறிப்பும் கேட்பார்கள். இந்தக் கருவியைப் பற்றியே எழுதலாம். எழுதி முடித்ததும் எனக்குக் காட்டு, திருத்தித் தருகிறேன்.

பொன்மலை ஓய்வூதியர்

பணிமனையில் எண்ணெய்த் தொட்டிகளில் மட்டம் பார்க்க நாங்கள் மிதவை வைத்திருந்தோம் அம்மா. உணர்கருவி சேற்றைத் தொட வேண்டியதில்லை, மேலே இருந்து மிதவையின் உயரத்தை அளந்தால் போதும். குழாயின் ஓட்டைகளுக்கு வெளியே மெல்லிய வலைத்துணி சுற்றிப் பாருங்கள், மண் உள்ளே வருவது குறையும். குழாய் எத்தனை அங்குலம் என்று எழுதினால் மிதவையின் அளவைச் சொல்கிறேன்.

திருவையாறு விவசாயி

நான் அப்பா எழுதுகிறேன். நான்கு அங்குலக் குழாய் ஐயா. வண்டல் கலந்த களிமண். லிங்க்ட்இன் கணக்கு இன்று இரவு தொடங்குகிறோம், படம் இல்லாமல். இன்ஸ்டாகிராம் இப்போது வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். வாரப் பதிவுக்கான மதிப்பெண் பற்றித் துறைத்தலைவரிடம் நானே பேசப் போகிறேன். பேராசிரியை அம்மா மேலே எழுதியதை அச்சடித்துக் கையில் எடுத்துப்போகலாமா என்று சொல்லுங்கள்.

மயிலாடுதுறை பேராசிரியை

எடுத்துப்போங்கள் ஐயா. பதிவுக்குப் பதிலாக மாதம் ஒரு செய்முறைக் குறிப்பைச் சமர்ப்பித்தால் அதே மதிப்பெண்ணைத் தரலாம் என்று கேட்டுப் பாருங்கள்.